பதினெட்டுப் பல்லிலிருந்து இருபத்திரண்டுக்கு

பேக்கரியை விட்டு வெளியே வந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். கேரியரில் ரொட்டிப் பெட்டி இல்லை. அது பேக்கரியின் பெட்டி, கழற்றிக் கொடுத்தாயிற்று. பெட்டியைக் கட்டுவதற்கு நான் வைத்திருந்த பழைய டியூப் ரப்பர் மட்டும் தொங்கிக்கொண்டு வந்தது. சாலை ஏற்றமாக இருந்தது. பெட்டி இல்லாத வண்டியைக்கூட ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போகிறேன் என்பது பாதித் தூரம் போன பிறகுதான் உறைத்தது.

அடுத்தது என்ன என்று முடிவு செய்துவிட்டுத்தான் நடந்தேன். சைக்கிளை மெக்கானிக் ஸ்டீபன் கடையில் விற்றுவிட வேண்டியது, சேலம் பஸ்ஸில் ஏறி அடிவாரத்தில் இறங்க வேண்டியது. அங்கே குடியிருக்கும் பழனி எனக்குப் பழைய பழக்கம். சேலத்தில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லியிருந்தார். கார் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும், மற்ற நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தது ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தபோது மட்டும்தான். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டே நடந்ததால் நடை மெதுவாகவே இருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது நான் எந்த வேலைக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து கியர் சைக்கிளில் மலையேறி வருகிறவர்கள் ஏரிக்கரை டீக்கடையில் நிற்பார்கள். என் சைக்கிளும் அங்கேதான் நிற்கும். போன மாதம் ஒரு பெண்மணி குனிந்து என் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, தன் மாமனாருக்கு எழுபது ஆகிறது, கியர் சைக்கிள் வேண்டாம், தன்னிடம் இருக்கும் பழைய சைக்கிளே போதும் என்று அடம்பிடிக்கிறார், அதை அவருக்கு லேசாக ஓடும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லி வாயாலேயே விளக்கினேன். எழுதிக் கொடுங்கள், மறந்துவிடுவேன் என்றார். எழுத உட்கார்ந்தால் பல் கணக்கை மட்டும் தனியாக எழுத வரவில்லை.

நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரன். ஐந்தாவது முழுதும் ஆறாவது பாதியும் படித்தேன். பிறகு சேலத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் சேர்ந்தேன். பஞ்சர் ஒட்டுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, பேரிங் மாற்றுவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். கடைச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் செயின் ஓடும் சக்கரத்தில் முன்னால் நாற்பத்தெட்டு பல், பின்னால் பதினெட்டு பல். அதாவது பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேலே சுற்றும். மிதிக்கக் கனம், ஆனால் சமதரையில் பறக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவனுக்கு அதுதான் வேண்டும். பின்பல்லைப் பெரிதாகப் போட்டால் மிதிப்பது லேசாக இருக்கும், தூரம் போகாது. வண்டி நகரவே மாட்டேன் என்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதனால் பின்னால் பெரிய பல் என்றால் மட்டமான வண்டி என்பது என் மண்டையில் பதிந்துவிட்டது. அந்தப் பாடம் மலைக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கடையை விட்டு போர் போடும் லாரியில் ஏறினேன். ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று லாரி எங்கே போனதோ அங்கெல்லாம் போனேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் லாரியில்தான். ஒரு முறை ராடு மாட்டும்போது இரும்புச் சில்லு ஒன்று தெறித்து இடது கண் போயிற்று. இன்னொரு கண் நன்றாகவே தெரிந்தது. ஆனால் டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததுமே லைசென்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியா தவறா என்று நான் விசாரிக்கவில்லை. அதோடு மோட்டார் வைத்த வண்டிகளெல்லாம் எனக்கு இல்லை என்று ஆயிற்று. மிளகு பறிக்க ஏற்காடு வந்தேன். ஏணியில் ஏறி நிற்பவனுக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு வருடம் பார்த்துவிட்டு இறங்கினேன். அப்போதுதான் செல்வமேரியின் பேக்கரியில் நாகலூர் லைனுக்கு ரொட்டி கொண்டுபோகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் கேட்டார்கள்.

செல்வமேரி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். நான் அம்மிணி என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். காலையில் முதல் தட்டு பன்னில் கத்தி முனையால் சின்னதாக ஒரு சிலுவை கீறி அடுப்புக்குள் தள்ளுவார். அந்தத் தட்டு உள்ளே போகும்வரை யாரும் பேசக்கூடாது. அதற்குப் பிறகு வேலை முடியும்வரை பேச்சுதான். ரொட்டி ஆறிவிட்டதா என்று புறங்கையை அதன் வயிற்றில் வைத்துப் பார்ப்பார். சூடாகப் பெட்டியில் வைத்தால் வேர்த்து, சாயங்காலத்துக்குள் நூல் விட்டுவிடும். நான் எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்தப் புறங்கை சரி என்று சொல்லாமல் பெட்டி நிறையாது. அடியில் வர்க்கி டின், அதன்மேல் ரொட்டியை நிற்க வைத்து, மேலே பன். பெட்டி தகரத்தால் ஆனது. கேரியரில் ஏற்றினால் என் தோளுக்கு மேலே நிற்கும். எடை அதிகமில்லை. ஆனால் காற்று அடித்தால் பாய் விரித்த மாதிரி பிடிக்கும்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடும். சாதாரண நாளில் "அண்ணா, கெளம்புங்க" என்பவர், கோபமான நாளில் "ஏனுங்ணா, கெளம்பலாமுங்களா, உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே" என்பார். மூன்று ‘ங்க’ சேர்ந்து வந்தால் பேக்கரியில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மாவு பிசைவார்கள்.

நாகலூரில் எஸ்டேட் ஆட்கள் வேலைக்குப் போகும் முன்பு டீயோடு ரொட்டியோ பன்னோ வாங்குவார்கள். வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடும் நேரத்துக்குள் அவர்கள் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ரொட்டி கடைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் பெட்டி காலி. வராவிட்டால் பெட்டி அப்படியே திரும்பும். இடையில் எதுவும் கிடையாது.

ஐம்பது வயதில் அந்த வேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மலையில் பாரம் ஏற்றிய சைக்கிளை ஏற்றத்தில் எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இறக்கத்திலும் சமதரையிலும் பதினெட்டுப் பல்லில் மிதித்து நேரத்தைப் பிடித்துவிடுவேன். அறுபதைத் தாண்டியதும் தள்ளுகிற இடம் ஒவ்வொன்றாகக் கூடியது. முன்பு ஏறி மிதித்த மேடுகளில் இறங்கினேன். பிறகு மேடு என்றே யாரும் சொல்லாத இடங்களிலும் இறங்கினேன். ரொட்டி பிந்தியது.

செல்வமேரி கேட்டார்.

"வழியில எங்கயாச்சும் எறங்கித் தள்ளறீங்களாங்ணா?"

"எங்கயும் இல்லீங்க அம்மிணி. பனி நொம்பங்க, ரோடு தெரியறதில்ல."

பனி இல்லாத மாதத்தில் மழையைச் சொன்னேன். மழை இல்லாதபோது பஸ்ஸைச் சொன்னேன். வயதானவனிடம் எந்த இடத்தில் இறங்குகிறாய் என்று கேட்டால் உண்மையான பதில் வராது. சொன்னால் அடுத்த கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

நாகலூரில் ராசாத்தி கடை பெரிய கடை. பேக்கரியை விட்டு வந்த அன்று காலை நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் ஒருவரும் இல்லை. ராசாத்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, ஆளுக எல்லாம் தோட்டத்துக்குப் போனதுக்கு அப்புறம் ரொட்டி கொண்டாந்தா, நானும் என்ற ஊட்டுக்காரரும் உக்காந்து பெட்டியோட திங்கறதா?"

"நாளைக்கு நேரத்துல வந்துருவேனுங்க."

"நேத்தும் இதையேதானுங்க சொன்னீங்க. முந்தா நாளும் இதைத்தான். சேலத்துல இருந்து பாக்கெட் ரொட்டி பஸ்ஸுலயே வருதுங்க. அது மூச்சு வாங்கறதில்ல."

அடுத்த இரண்டு கடைகளும் வாங்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன். செல்வமேரி மூடியைத் திறந்து பார்த்தார். பன் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து வைத்தார்.

"ஏனுங்ணா, நாளையிலிருந்து நாகலூருக்கு ரூபன் லோடு ஆட்டோவுல போவட்டுமுங்களா? உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்குமுங்க. நீங்க சொன்னா சரீங்க."

ரூபன் அவருடைய அக்கா மகன். புதிதாக லோடு ஆட்டோ வாங்கியிருந்தான். ‘ங்க’ எத்தனை என்று நான் எண்ணவில்லை. பெட்டியின் கட்டை அவிழ்த்தேன்.

இப்படித்தான் ஸ்டீபன் கடைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டீபனுக்கு நாற்பது வயது இருக்கும். கடையில் பெரும்பாலும் பைக் வேலை. சைக்கிள் என்றால் பஞ்சர் மட்டும். நான் காற்று அடிக்க மட்டும்தான் அங்கே போவேன், மற்ற வேலையை நானே பார்த்துக்கொள்வேன். அதனால் அவர் என் வண்டியை அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை.

"இதை விக்கோணும் ஸ்டீபன்."

அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பின்பல்லை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஏனுங்ணா, இந்தப் பல்ல வெச்சுக்கிட்டா தெனமும் நாகலூர் போனீங்க?"

"ஆமாங்க."

"முட்டி ரெண்டும் கூடவேதான் இருக்குதுங்களா, இல்ல வழியில எங்கயாச்சும் உளுந்துருச்சா?"

"விலையைச் சொல்லுங்க."

"வெலையா. இதை இங்க எவனுங்ணா வாங்குவான்? மலையில ஒரு எளவட்டமே மிதிக்க மாட்டான். பின்னாடி பல்ல மாத்திக் குடுங்க, யாராச்சும் வாட்ச்மேன், பால்காரன் வாங்குவான். கேட்டுப் பாக்கறேன்."

விற்பதற்காகத்தான் பல்லை மாற்ற ஒப்புக்கொண்டேன். வேறு எண்ணம் அப்போது இல்லை.

மிதிப்பதை லேசாக்க இரண்டு வழி. முன்பல்லைச் சிறிதாக்கலாம், பின்பல்லைப் பெரிதாக்கலாம். முன்பல் பெடல் மாட்டியிருக்கும் கிராங்கோடு சேர்ந்தது. கிராங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்பை அடித்துக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் அந்த ஆப்பு வளைந்துகொள்ளும், உடைந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும். பின்பல் என்றால் அது இருக்கும் ஃப்ரீவீலை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டீபன் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். உள்ளே பழைய ஃப்ரீவீல்கள். அதில் தேறியவை இரண்டு. ஒன்று இருபத்திரண்டு பல். இன்னொன்று இருபத்துநாலு, ஐஸ் வண்டியிலிருந்து கழற்றியது.

ஃப்ரீவீலைக் கழற்றுவது லேசில்லை. ஒவ்வொரு மிதிக்கும் அது இன்னும் இறுகிக்கொண்டே போகும். நான் மிதித்த மிதியெல்லாம் அதில் இருந்தது. கழற்றும் சாவியை வைஸ் இடுக்கியில் நிற்க வைத்துப் பிடித்து, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இடது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினோம். வைஸ் பூட்டியிருந்த மேஜைதான் திரும்பியது. மண்ணெண்ணெய் விட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். மறுபடி இருவரும் எதிரெதிரே நின்று ரிம்மைப் பிடித்து ஒரே நேரத்தில் தம் கட்டினோம். கல் உடைவது போல ஒரு சத்தம். ரிம் உடைந்தது என்றே நினைத்தேன். கழன்றிருந்தது.

"இதுக்குள்ள இருக்கற பலத்துக்கு நீங்க சேலத்துக்கே போயிட்டு வந்திருக்கலாமுங்ணா" என்றார் ஸ்டீபன்.

மாற்றுவது என்று வந்த பிறகு பெரியதையே போடு, லேசாக ஓடினால் நல்ல விலை போகும் என்று இருபத்துநாலைப் போடச் சொன்னேன். பின்பல் பெரிதானால் செயின் எட்டாது. ஒரு ஜோடி கண்ணி சேர்த்தோம். அப்போதும் கொஞ்சம் போதவில்லை. சக்கரத்தை முன்னே தள்ளித்தான் மாட்ட முடிந்தது. சக்கரம் முன்னே வந்ததும் பின் பிரேக் கட்டை ரிம்மில் பாதியும் வெளியே பாதியுமாக உட்கார்ந்தது. இறக்கத்தில் அது ஆளைக் கொன்றுவிடும். அதைத் தட்டி வளைத்துச் சரிசெய்தார் ஸ்டீபன். எனக்குத் திருப்தியில்லை. இருந்தாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன்.

கடைக்கு எதிரே ஒரு மேடு உண்டு. காலையில் பெட்டி இல்லாமல் தள்ளிக்கொண்டு ஏறிய அதே மாதிரி மேடு. அதில் உட்கார்ந்தபடியே ஏறினேன். பாதி மேட்டில் கீழே குனிந்து செயின் இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவு லேசாக இருந்தது. உச்சியில் திரும்பி இறங்கி வந்தேன். ஸ்டீபன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"விக்கறீங்களா, இல்லீங்களா?"

அந்த மேட்டில் ஏறியபோதே வேறு கணக்கு மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. லேசாக இருந்தது உண்மை. ஆனால் நான் ஓட்டியது வெறும் வண்டி. பக்கத்துப் பழக்கடையில் உயரமான அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன். அதில் ஸ்டீபனின் ஓட்டைப் பெடல், துருப்பிடித்த செயின் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு ரொட்டிப் பெட்டி மாதிரியே கேரியரில் கட்டினேன். மறுபடி அதே மேடு.

இப்போது வண்டி ஏறியது, ஆனால் நடக்கிறவனைவிட மெதுவாக. சைக்கிள் நிமிர்ந்து நிற்பதற்குக் கொஞ்சமாவது வேகம் வேண்டும். மேட்டின் நடுவில் பள்ளத்துப் பக்கமிருந்து காற்று வந்து பெட்டியைப் பிடித்தது. ஹேண்டில்பார் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. காலை ஊன்றிவிட்டேன். பின்னாலிருந்து மேலே நடந்து வந்த டீக்கடைக்காரர் என்னைத் தாண்டிப் போனார்.

"ஏனுங்க, நான் வேணா முன்னால போய் டீ போட்டு வெக்கட்டுமுங்களா?"

அவர் தாண்டிப் போனதுதான் எனக்குக் கணக்கைச் சொன்னது. நடையைவிட மெதுவாகப் போனால் மிதிப்பதே வீண், இறங்கித் தள்ளுவது மேல். லேசாக்குவதற்கும் ஒரு அளவு உண்டு. கடைக்குத் திரும்பி இருபத்திரண்டைப் போடச் சொன்னேன். ஸ்டீபன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் போட்டார். புதிதாக மாட்டியது என்பதால் இந்த முறை சீக்கிரம் கழன்றது. இருபத்திரண்டுக்கு அந்த ஒரு ஜோடி கண்ணி அளவாக அமைந்தது. சக்கரம் பழைய இடத்திலேயே உட்கார்ந்தது, பிரேக் கட்டையும் பழையபடி ரிம்மில் முழுதாக விழுந்தது. வளைத்ததை நிமிர்த்தியதுதான் கூடுதல் வேலை. அந்தப் பெண்மணியின் மாமனாருக்கு நான் சொல்வதும் இதுதான். முதலில் நாலு பல் கூட்டி, ஒரு ஜோடி கண்ணி சேர்த்துப் பாருங்கள். சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்தபடி, நடையைவிடக் கொஞ்சம் வேகமாக மேடு ஏற முடிந்தால் அதுவே உங்கள் பல்.

இருபத்திரண்டில் பெட்டியோடு அந்த மேட்டை ஏறினேன். லேசு என்று சொல்லமுடியாது. வண்டி நேராகப் போனது, மூச்சு வாங்கியது, ஆனால் இறங்கவில்லை. அப்படியே நாகலூர் ரோட்டில் திருப்பினேன். முதல் பெரிய ஏற்றம்வரை போய்ப் பார்த்துவிட்டு நின்றேன். பழைய நாட்களைவிட நன்றாகத்தான் வந்திருந்தேன். ஆனாலும் பேர் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் ராசாத்தி கடையில் நிற்க அது போதாது. நல்ல நாளில் போய்விடலாம். காற்றடிக்கும் நாளில் முடியாது. எந்தப் பல்லைப் போட்டாலும் என் காலுக்கு அந்த நேரம் இனிமேல் இல்லை. சாலையோரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழனியின் பக்கத்து நாற்காலியும் நினைவுக்கு வந்தது.

பிறகு வேறு மாதிரி யோசித்தேன். காலுக்கு எவ்வளவு முடியும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு ஏற்ற லைன் எது? செம்மநத்தம் நினைவுக்கு வந்தது. மிளகு பறித்த காலத்தில் அந்த ஊருக்கு நடந்து போயிருக்கிறேன். மிச்சமிருந்த வெளிச்சத்தில் பழைய இரும்பு போட்ட அதே அட்டைப்பெட்டியோடு அந்த ரோட்டில் போனேன். குறுகலான ரோடு. இரண்டு இடத்தில் என்னால் முடியாது என்று தெரிந்தது. மூச்சு போன பிறகு இறங்கினால் மறுபடி ஏறி உட்காரக் கால் எழாது. அதனால் இரண்டு இடத்திலும் மூச்சு இருக்கும்போதே இறங்கித் தள்ளி, மேலே போய் ஏறிக்கொண்டேன். அப்படிச் செய்தபோது மொத்தத் தூரத்தையும் தாண்ட முடிந்தது. இருட்டுவதற்குள் திரும்பிவந்து இரும்பை ஸ்டீபன் கடையில் கொட்டினேன். பதினெட்டுப் பல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"இதை எதுக்குங்ணா எனக்கு? பேப்பர் பறக்காம வெக்கவா?" என்றார். வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் தட்டு அடுப்புக்குள் போகும்வரை பேக்கரி வாசலில் பேசாமல் நின்றேன். ரூபன் லோடு ஆட்டோவில் என் தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"வாங்க பெரியப்பா. சைக்கிளோட மேல ஏறிக்கோங்க, நாகலூருல எறக்கி உடறேன். ராசாத்தியக்கா உங்களைத் தேடும்."

செல்வமேரி கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சங்கடப்பட்ட முகம்.

"அண்ணா, நாகலூர் லைனு அவன்கிட்டக் குடுத்தாச்சுங்களே."

"அதைக் கேக்க வரலீங்க அம்மிணி. செம்மநத்தம் குடுங்க."

"செம்மநத்தமா? அங்க நம்ம லைனே இல்லீங்ணா."

"இல்லாததாலதான் கேக்கறேன்."

"வேணும்னா ரூபனே திரும்பறப்போ அப்படியே போயிட்டு வருவானுங்க."

"நான் போவலை சித்தி" என்றான் ரூபன். "அந்த ரோட்டுல எதுக்கால பஸ் வந்தா ரிவர்ஸ்லயே ஏற்காடு வரோணும்."

செல்வமேரி என்னைப் பார்த்தார்.

"அங்க காலைல களி, இல்லைனா சோறுங்ணா. ரொட்டியை யாரு தேடறாங்க?"

"ரெண்டு டீக்கடை இருக்குதுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைக இருக்குது. ரொட்டி போவாட்டி வர்க்கி போவும். அப்புறம், அங்க எல்லாரும் அவங்கவங்க காட்டுக்குத்தான் போறாங்க. பேர் கூப்பிட ரைட்டர் கெடையாது. கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் ஆளு ஊட்லதான் இருக்கும்."

அவர் என் சைக்கிளைப் பார்த்தார். பின்பல் மாறியிருப்பது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்கயாச்சும் எறங்கித் தள்ளுவீங்களாங்ணா?"

"ரெண்டு எடத்துல தள்ளுவேனுங்க. பாலத்தைத் தாண்டினதும் ஒரு திருப்பம், அங்க. அப்புறம் ஊருக்கு முன்னால கடைசி ஏத்தம். மத்த எடத்துல எறங்க மாட்டேன். நேத்தே சுமையோட போயிப் பாத்துட்டு வந்துட்டேன்."

அதுவரை நான் அவரிடம் இறங்கும் இடம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. செல்வமேரி உள்ளே போனார். அலமாரிக்கு மேலே கிடந்த சின்னப் பெட்டி ஒன்றை இறக்கித் துடைத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் கேக் வைக்க எடுக்கும் பெட்டி, பழைய பெட்டியில் பாதி உயரம்.

"இதுல பத்து நாள் போயிப் பாருங்க. போவலைன்னா அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

"சரீங்க அம்மிணி."

"ரொட்டி கம்மியா வெக்கறேன். ஆறட்டும், நில்லுங்க."

புறங்கையை வைத்துப் பார்த்து, அடுக்கிக் கொடுத்தார். பெட்டியைக் கேரியரில் வைத்து டியூப் ரப்பரைச் சுற்றினேன். ரூபனின் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு நாகலூர்ப் பக்கம் போயிற்று. நான் செம்மநத்தம் ரோட்டில் திருப்பினேன். திருப்பத்தில் இறங்கித் தள்ளினேன், ஏறிக்கொண்டேன், கடைசி ஏற்றத்தில் மறுபடி இறங்கினேன்.

முதல் டீக்கடையில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, வர்க்கியா? எந்த ஊருக்குப் போவுது?"

"இங்கதானுங்க" என்றேன். "இனிமே தெனமும் வருமுங்க."